ஹிஞ்ச்லிஃப் ஸ்டேடியம்: கான்கிரீட் தேறிவிட்டது, காலண்டர் தேறுமா?

நியூ ஜெர்சி மாநிலத்தில் பேட்டர்சன் நகரம். 77 அடி உயரத்திலிருந்து விழும் கிரேட் ஃபால்ஸ் அருவிக்குப் பக்கத்தில், மேட்டின் மேல், குதிரை லாட வடிவத்தில் ஹிஞ்ச்லிஃப் ஸ்டேடியம் என்ற கான்கிரீட் பேஸ்பால் மைதானம். 1932-இல் திறந்தார்கள். 1997-இல் பூட்டினார்கள். 26 வருடம் பூட்டுத் தொங்கிய பிறகு 2023 மே மாதம் மறுபடி திறந்தார்கள்.

இங்கே மூன்று வகை ஆட்கள் போகிறார்கள்: ஆட்டம் பார்க்க வருகிறவர்கள், வரலாறு பார்க்க வருகிறவர்கள், "நம் ஊர் மைதானத்தையும் இப்படி எழுப்பலாமா" என்று கணக்குப் போட வருகிறவர்கள். மூவருக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது. கட்டட வேலைக்கு 10-க்கு 9. ஆட்டம் பார்க்கும் அனுபவத்துக்கு 7. சுற்றியுள்ள தெருக்களைத் தூக்கி நிறுத்தும் வேலைக்கு இப்போதைக்கு 5 தான். இந்த 5 ஏறுமா இறங்குமா என்பதைக் கட்டடம் தீர்மானிக்கப் போவதில்லை. வருடத்தில் எத்தனை நாள் கதவு திறந்திருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

முதலில், இதை ஏன் இடிக்காமல் விட்டார்கள் என்பது தெரிய வேண்டும். நிற வேற்றுமை இருந்த காலத்தில் கறுப்பின பேஸ்பால் அணிகளுக்குச் சொந்த மைதானம் கிடைப்பது அரிது. மேஜர் லீக் எனப்படும் பெரிய லீக் அணிகளின் மைதானத்தை, அவர்கள் ஊரில் இல்லாத நாட்களில் வாடகைக்கு எடுத்து ஆடுவார்கள். பேட்டர்சனோ நகராட்சியின் பணத்தில் கட்டிய பொது மைதானத்தைத் திறந்துவிட்டது. நியூயார்க் பிளாக் யாங்கீஸ் அணிக்கு 1930-களிலும் 40-களிலும் இதுதான் வீடு. நியூயார்க் கியூபன்ஸ் அணியும் இங்கே ஆடியது. உள்ளூர்ப் பையன் லாரி டோபி பள்ளி நாட்களில் ஆடியதும், நியூவார்க் ஈகிள்ஸ் அணிக்காகத் திறமையைக் காட்டித் தேர்வானதும் இதே மண்ணில். 1947 ஜூலையில், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பின வீரராக கிளீவ்லாந்து அணிக்குள் நுழைந்தவர் அவர். கறுப்பின அணிகளின் நீக்ரோ லீக் ஆடிய மைதானங்களில் இன்று எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2013-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. அடுத்த வருடமே கிரேட் ஃபால்ஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவின் எல்லைக்குள் இதையும் சேர்த்தார்கள். இந்த இரண்டு காகிதங்களும் இல்லையென்றால் பணம் வந்திருக்காது.

இனி கட்டடம். டிக்கெட் கொடுக்கும் கூண்டுகளின் ஓட்டுக் கூரை, 1920, 30-களின் ஆர்ட் டெக்கோ அலங்கார பாணி முகப்பு, அச்சில் வார்த்த கான்கிரீட் சுவர்கள் எல்லாம் அந்தக் காலத்து முகத்தோடு நிற்கின்றன. "புதுசு போல இருக்கிறது" என்று யாராவது பாராட்டினால் அது பாராட்டே இல்லை. பழையது பழையதாகவே தெரிந்து, உதிராமல் நிற்பதுதான் இந்த வேலையின் கஷ்டம்.

எவ்வளவு கஷ்டம் என்பதைக் கான்கிரீட்டிலிருந்து சொல்ல வேண்டும். இன்று பனி விழும் ஊர்களில் கான்கிரீட் கலக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழ்கள் உருவாகும் ஒரு திரவத்தையும் சேர்ப்பார்கள். உள்ளே ஊறிய தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். அந்தப் பெருக்கத்துக்கு இடம் கொடுப்பவை இந்தக் குமிழ்கள். இது வழக்கத்துக்கு வந்தது 1930-களின் பிற்பாதிக்கு அப்புறம்தான். 1932-இல் வார்த்த படிக்கட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒவ்வொரு குளிர்காலமும் மேல்தோலைக் கொஞ்சம் உரித்துக்கொண்டு போகும். கூடவே, காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்க இறங்க, கம்பியைக் காத்து நிற்கும் காரத்தன்மை குறையும். பிறகு துரு. துரு அசல் இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து நெம்பி, மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தட்டு தட்டாகப் பிய்த்தெறியும். 26 வருடம் யாரும் வடிகாலைச் சுத்தம் செய்யாத மைதானத்தில் இது எல்லாமே ஒரே நேரத்தில் நடக்கும்.

இந்த மாதிரிக் கட்டடத்தில் ஒழுங்கான பழுது எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் கண்ணால் பார்த்து மதிப்பிட முடியும். முதல் வேலை தட்டிப் பார்ப்பது. சின்னச் சுத்தியலால் சுவரையும், சங்கிலியை இழுத்துத் தளத்தையும் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது, பொக்கென்று கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது என்று சாக்பீஸால் வட்டம் போடுவார்கள். உடைத்த இடத்தில் காரத்தைக் காட்டும் ஃபினாஃப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது. அந்த நிறமற்ற பட்டை கம்பி வரைக்கும் போயிருந்தால் மேல்பூச்சு வேலை பிரயோஜனமில்லை.

அடுத்து வெட்டுவது. ஒப்பந்தக்காரர்கள் அதிகம் சொதப்புவது இங்கேதான். பழுதின் விளிம்பை அரை முதல் முக்கால் அங்குல ஆழத்துக்கு ரம்பத்தால் நேராக அறுக்க வேண்டும். சாய்வாக மெலிந்துபோகும் விளிம்பை விட்டால் அந்த மெல்லிய ஓரம் இரண்டே குளிர்காலத்தில் செதிலாக எழும்பிவிடும். கம்பி தெரிந்தால் அதோடு நிறுத்தக் கூடாது; கம்பிக்குப் பின்னாலும் முக்கால் அங்குலம் கொத்த வேண்டும், புதுக் கலவை கம்பியைச் சுற்றிப் பிடிக்க. கொத்தும் கருவி 15 பவுண்டு எடைக்கு உட்பட்டதாக இருப்பது நல்லது. சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று பெரிய ஜாக்ஹாமரைப் போட்டால் நல்ல கான்கிரீட்டிலும் மயிரிழை வெடிப்பு விழும். புது ஒட்டு அந்த வெடிப்போடு சேர்ந்து கழன்று வரும். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில் நாலில் ஒரு பங்கு தின்னப்பட்டிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். பரப்பை நனைத்து, தண்ணீர் தேங்காத ஈரமாக வைத்து, கலவையை அழுத்தி வைத்து, ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் தோற்கிற ஓர் இடம் உண்டு. ஒட்டுப் போட்ட இடத்துக்குள் கம்பி பத்திரமாக இருக்கும். ஒட்டைச் சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் துரு முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். அதுவரை துருவைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த இடத்தை நாம் குணப்படுத்திவிட்டோம் அல்லவா, அடுத்த இடம் பலியாகிறது. இதற்காக ஒட்டின் ஓரம் நெடுக, 18 முதல் 24 அங்குல இடைவெளியில், கம்பியோடு துத்தநாகக் கட்டிகளைக் கட்டுவார்கள். கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும். மூன்று, நான்கு வருடம் கழித்து ஒரு ஒட்டைச் சுற்றி வளையமாக வெடிப்பு தெரிந்தால், அந்தச் செலவை யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நிறம் பொருத்துவது தனி வித்தை. புது சிமென்ட் பழையதைவிட வெளிறியோ நீலம் பாய்ந்தோ தெரியும். மணலின் நிறம், ஜல்லியின் அளவு, அன்றைய சென்ட்ரிங் பலகை விட்டுப்போன ரேகை எல்லாம் பொருந்த வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி மாதிரி வார்த்து, 28 நாள் காய்ந்த பிறகு, வெயிலில் வைத்துப் பார்த்து ஒப்புதல் கொடுப்பதுதான் முறை. ஈரத்தில் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டவர்கள் பிறகு சுவர் முழுக்கப் பெயின்ட் அடித்து மறைக்கத்தான் வேண்டியிருக்கும். பெயின்டிலும் கவனம் வேண்டும். மூச்சு விடாத ரப்பர் மாதிரிப் பூச்சு உள்ளே இருக்கும் ஈரத்தைச் சிறைப்பிடித்து, உறைபனிக்குத் தீனி போடும். 2014-இல் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் இந்த மைதானத்தின் சுவர்க் கிறுக்கல்கள் மேல் பெயின்ட் அடித்தது ஊருக்கு நம்பிக்கை கொடுத்தது. கட்டடத்துக்குத் தேவைப்பட்ட மருத்துவம் பிறகுதான் வந்தது. வரிசை அப்படித்தான் இருக்க முடியும் என்பதும் உண்மை. அக்கறை இருக்கிறது என்று ஊர் காட்டாத இடத்துக்கு எந்த முதலீட்டாளரும் வருவதில்லை.

போகிறவர்கள் படிக்கட்டு இருக்கைகளின் இணைப்பு இடைவெளிகளைக் குனிந்து பாருங்கள். அங்கே அடைத்திருக்கும் மெத்தென்ற சீலன்ட்டின் ஆயுள் பத்து வருடம் போனால் அதிகம். இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டிவிட்டால் விரிந்து சுருங்கும்போது கிழியும். அதனால்தான் அடியில் ஒரு ஃபோம் கயிறு வைத்து அதன் மேல் அடைப்பார்கள். ஒரு ஸ்டேடியத்தின் பராமரிப்புப் பட்ஜெட் உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இந்த இணைப்புகளைவிட நல்ல சாட்சி கிடையாது. தண்ணீர் இங்கேதான் இறங்கும், கீழே உள்ள அறைகளின் கூரை இங்கேதான் ஒழுகும்.

செலவு 10 கோடி டாலருக்கு மேல். இந்தத் தொகையைப் பார்த்துப் பயப்படும் முன் அதற்குள் என்னென்ன அடங்குகிறது என்று பார்க்க வேண்டும்: மைதானம், வசதி குறைந்த முதியோருக்கான 75 வீடுகள், 315 கார் நிற்கும் பல மாடி நிறுத்தம், அருங்காட்சியகம். மாநில அரசின் வரிச்சலுகைகள் பெரும்பங்கு சுமந்தன. மைதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் வருமானக் கணக்கு நிற்காது. வீட்டு வாடகையும் கார் நிறுத்தக் கட்டணமும் சேரும்போதுதான் முதலீட்டாளர் உட்கார்ந்து பேசுவார். இந்தக் கோர்வைதான் ஹிஞ்ச்லிஃபின் உண்மையான கண்டுபிடிப்பு என்று சொல்லலாம்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கிறது. அமெரிக்க மத்திய அரசு வரலாற்றுக் கட்டடங்களுக்குத் தகுதியான செலவில் 20 சதவீதத்தை வரிக்கழிவாகக் கொடுக்கிறது, ஐந்து வருடத் தவணையில். ஆனால் நகராட்சியும் பள்ளி வாரியமும் வரி கட்டுவதில்லை. கட்டாதவருக்கு வரிக்கழிவு எதற்கு? எனவே தனியார் நிறுவனம் ஒன்றுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டு, அதன் வழியாகத்தான் கழிவைப் பெற முடியும். குத்தகைப் பத்திரத்தை எழுதும் விதத்தில் ஒரு வரி பிசகினாலும் கழிவு போய்விடும். வேலை தொடங்கும் முன்பே வரைபடங்களுக்கு ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது. "முதலில் ஜன்னலை மாற்றிவிடுவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்றால் கழிவே கைநழுவிப் போகலாம்.

ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு: இப்போது இருக்கைகள் சுமார் 7,800. அன்று சுமார் 10,000 பேர் உட்கார்ந்த இடம். குறைந்ததில் குறை ஒன்றுமில்லை. பழைய படிகளில் சக்கர நாற்காலிக்கு இடம் கிடையாது; ஒரு நாற்காலிக்கு 36 அங்குல அகலமும், முன்பின் நுழைய 48 அங்குல ஆழமும் வேண்டும். அமெரிக்க விதிப்படி 5,000 இருக்கைக்கு 36 இடம், அதற்கு மேல் ஒவ்வொரு 200-க்கும் ஒன்று. 7,800 என்றால் 50 இடம். அவற்றையும் ஒரே மூலையில் ஒதுக்காமல் பரவலாக வைக்க வேண்டும், பக்கத்தில் துணைக்கு வந்தவருக்கும் இருக்கை வேண்டும். சரிவுப்பாதை 1-க்கு 12 என்ற விகிதத்தைத் தாண்டக் கூடாது; 30 அங்குலம் ஏறியதும் ஓய்வுத் தளம். மேட்டு நிலத்தில் கட்டிய பழைய மைதானத்துக்கு இது எவ்வளவு நீளமான பாதை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், காணாமல் போன இருக்கைகள் எங்கே போயின என்று புரியும்.

பார்வைக் கோணம் அருமை. லாடத்தின் வளைவு, ஆட்டத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைக்கிறது. நிழல்தான் இல்லை. ஜூலை மதியம் கான்கிரீட்டும் சேர்ந்து வேகும். 7 மதிப்பெண்ணுக்கு முக்கியக் காரணம் இது. கூரை போட்டிருந்தால் வரலாற்று வடிவம் கெட்டிருக்கும் என்பதால் குற்றம் சொல்லவும் முடியவில்லை. தொப்பி, தண்ணீர், உட்கார ஒரு மெத்தை. அவ்வளவுதான் தீர்வு.

தரை செயற்கைப் புல். பள்ளி அணிகளும் தொழில்முறை அணியும் ஒரே தளத்தில் மாறி மாறி ஆட இயற்கைப் புல் தாங்காது. வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் மிதித்தால் வேர் அறுந்துவிடும். செயற்கைப் புல்லுக்கும் ஆயுள் உண்டு, 8 முதல் 12 வருடம். அதற்குள் நார்களுக்கு நடுவே தூவிய சிறு மணித்துகள்கள் ஓடி ஆடும் இடங்களிலிருந்து ஒதுங்கிவிடும். அங்கே விழுந்தால் அடி பலமாகப் படும். தரையின் அதிர்ச்சி தாங்கும் திறனை வருடம் ஒருமுறை அளக்க வேண்டும். ஜிமேக்ஸ் எனப்படும் அந்த எண் 200-ஐத் தொட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். புல் மாற்றும் செலவுக்கு முதல் வருடத்திலிருந்தே தனியாகப் பணம் எடுத்து வைக்காத மைதானங்கள், பத்தாவது வருடத்தில் மறுபடி பூட்டுப் போடும் இடத்துக்கு வந்து நிற்கும்.

இப்போது அந்த 5 மதிப்பெண்ணுக்கு வருவோம். 2023 முதல் ஃபிரான்டியர் லீக் என்ற தொழில்முறை பேஸ்பால் லீக்கைச் சேர்ந்த நியூ ஜெர்சி ஜாக்கல்ஸ் அணி இங்கே ஆடத் தொடங்கியது. அந்த லீக்கில் ஒரு அணிக்குச் சொந்த மைதானத்தில் ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய 50 ஆட்டம், அதுவும் மே முதல் செப்டம்பர் தொடக்கம் வரை. 365-இல் 50. மீதி 300 நாள் மாலையில் பக்கத்துத் தெருக் கடைக்காரர் யாரை எதிர்பார்த்து விளக்கேற்றுவது? பள்ளி ஆட்டங்கள், பட்டமளிப்பு விழா, கால்பந்து, இசை நிகழ்ச்சி என்று நிரப்பினால்தான் கணக்கு தேறும். பல மாடிக் கார் நிறுத்தம் ஒரு இரட்டை முனைக் கத்தி. அது இல்லையென்றால் வெளியூர்க்காரர் வரமாட்டார். ஆனால் நேராக உள்ளே நிறுத்தி, ஆட்டம் பார்த்து, நேராக வெளியே போய்விடும் வசதியும் அதுவே. தெருவில் காலே வைக்காத கூட்டத்தால் தெருவுக்கு என்ன லாபம்?

75 வீடுகள் அந்த விஷயத்தில் அதிக நன்மை செய்கின்றன. ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே தினமும் மனிதர்கள் இருக்கிறார்கள், ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறது, பால் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டிய மைதானத்தைச் சுற்றி இருந்த இருட்டை விரட்டியது பேஸ்பாலைவிட இந்த வீடுகள்தான் என்பது எங்கள் கணிப்பு.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு மைதானங்கள். அலபாமாவில் பர்மிங்காமின் ரிக்வுட் ஃபீல்ட் 1910-இல் திறந்தது. ஆதரவாளர் அமைப்பு ஒன்று 1992-லிருந்து சிறுகச் சிறுகச் சீர்படுத்தி வந்தது, 2024 ஜூன் 20 அன்று மேஜர் லீக் ஆட்டமே அங்கே நடந்தது. கைவிடாமல் வைத்திருந்ததால் ஹிஞ்ச்லிஃப் அளவுக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. மிச்சிகனில் ஹாம்ட்ராமக் ஸ்டேடியம் 1930-இல் கட்டியது, டெட்ராய்ட் ஸ்டார்ஸ் அணியின் இடம். பார்வையாளர் மேடையைச் சுமார் 26 லட்சம் டாலரில் சீரமைத்து 2022-இல் திறந்தார்கள். வீடு, கார் நிறுத்தம் எதுவும் இல்லை. அது ஊர்ப் பூங்காவின் ஒரு பகுதி. அங்கே வங்கதேசக் குடும்பங்கள் நிறைய, எனவே கிரிக்கெட்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். பேட்டர்சனிலும் வங்கதேசத்தவரும் பெரு நாட்டவரும் பெருமளவில் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு ஹிஞ்ச்லிஃப் வாரத்தில் எத்தனை மாலை கொடுக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த முறை அந்த 5-ஐத் திருத்த வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ரயிலில் வந்தால் பேட்டர்சன் நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் நடை. வழியில் அருவியைப் பார்த்துவிட்டுப் போவதே முறை, மழைக்கு மறுநாள் என்றால் இன்னும் நல்லது. சார்ல்ஸ் ஜே. மூத் பெயரிலுள்ள அருங்காட்சியகம் வளாகத்திலேயே இருக்கிறது. ஆட்ட நேரமும் அதன் திறப்பு நேரமும் ஒன்றாக அமையும் என்று நம்பாமல் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மைதானம் கட்டக் கணக்குப் போட வருகிறவர்கள் ஆட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வந்து, லிபர்ட்டி தெருவில் எத்தனை கடை திறந்திருக்கிறது என்று எண்ணிவிட்டுப் போகலாம்.